உடைந்த சீசாவுக்கு மறுஜன்மம்

பழைய இரும்புக்கும் காலிப் புட்டிக்கும் பேரீச்சம்பழம் கொடுத்துப் பண்டமாற்றுச் செய்துகொண்டு ஒரு காலத்தில் நம் தெருக்களில் திரிந்த வியாபாரியை நேயர்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவனுடைய தொழில் மிகப் புராதனமானது. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில், டைபர் நதிக்கு அக்கரையிலிருந்து வந்த ஏழை வியாபாரி கந்தகம் தோய்த்த குச்சிகளைக் கொடுத்து உடைந்த கண்ணாடியை வாங்கிச் சென்றான். மார்ஷியல் என்னும் கவி தமது பரிகாசச் செய்யுள் ஒன்றில் அவனை வம்புக்கு இழுத்திருக்கிறார். சில்லுக்கு அன்றே விலை இருந்தது என்பதற்கு அந்தக் கேலியே சாட்சி.

ஏன் விலை? கண்ணாடியைப் புதிதாகச் செய்வதற்கு மணல், சோடா, சுண்ணாம்பு முதலியவற்றைக் கலந்து ஏறக்குறைய 1500 டிகிரி உஷ்ணத்தில் உருக்கவேண்டும். வாயுக்கள் வெளியேறிவிடுவதால், 1200 கிலோ கலவையிலிருந்து சுமார் 1000 கிலோ கண்ணாடிதான் தேறும். உடைந்த சில்லோ இந்தத் தீக்குளியலை ஏற்கெனவே முடித்துக்கொண்டது. ஒரு கிலோ போட்டால் ஒரு கிலோ கிடைக்கும். கலவையில் பத்தில் ஒரு பங்கு சில்லைச் சேர்த்தால் எரிபொருளில் நூற்றுக்கு 2.5 முதல் 3 பங்கு வரை மீதமாகும். எத்தனை தடவை உருக்கினாலும் சரக்கின் தரம் குன்றுவதில்லை. காகிதத்துக்கும் துணிக்கும் இந்தப் பாக்கியம் கிடையாது.

சில்லு வர்த்தகம் எவ்வளவு பெரிதாக நடந்தது என்பதைக் கடலடியில் கிடந்த ஒரு கப்பல் காட்டிக் கொடுத்தது. கி.பி. 1025-ஆம் ஆண்டை ஒட்டி, துருக்கி நாட்டின் தென்மேற்குக் கரையில் செர்ச்சே லிமானி என்னும் சிறு துறைமுகத்தில் அது மூழ்கிற்று. 1977 முதல் 1979 வரை ஆராய்ச்சியாளர்கள் மூழ்கி மூழ்கி அதைத் தோண்டினார்கள். கிடைத்த கண்ணாடி மூன்று டன். அதில் இரண்டு டன் உருட்டுக் கண்ணாடிக் கட்டிகள். ஒரு டன் உடைந்த பாத்திரங்கள். சிரியாக் கரையிலிருந்து பைஜாந்திய ராஜ்யத்து உலைகளுக்காக ஏற்றிய சரக்கு அது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வியாபாரி உருக்கி அழிப்பதற்கென்றே கொண்டுபோன கிண்ணங்களையும் கூஜாக்களையும், லட்சக்கணக்கான துண்டுகளிலிருந்து பொறுக்கி எடுத்து, வருஷக்கணக்காக உட்கார்ந்து ஒட்டினார்கள் நமது காலத்து வித்வான்கள். இன்று அவை போட்ரம் நகரத்து மியூசியத்தில் கொலுவிருக்கின்றன. அந்த வியாபாரி பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான்!

குழலால் ஊதிக் கண்ணாடிப் பாத்திரம் செய்யும் வித்தை கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனக் கரையோரப் பிரதேசங்களில் தோன்றியது. அதன் ஆரம்ப காலத்து அடையாளங்கள் ஜெருசலேம் நகரத்து அகழ்வில் அகப்பட்டிருக்கின்றன. ஜெருசலேமுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஹெப்ரான் இருக்கிறது. விவிலியம் எபிரோன் என்றும் அராபியர் அல்-கலீல் என்றும் சொல்லும் ஊர் அதுவே. அதன் பழைய நகரத்தில் கண்ணாடிக்காரர் தெரு என்றே ஒரு பேட்டை உண்டு. முன்னாளில் மணலையும் சாக்கடலிலிருந்து கிடைத்த உப்பு வகைகளையும் உருக்கிய அவ்வூர்க் கைவினைஞர்கள், பிற்காலத்தில் காலிப் புட்டிகளையே மூலப்பொருளாகக் கொண்டார்கள்.

வேலை நடக்கிற விதத்தைக் கேளுங்கள். கழுவி உடைத்த புட்டிச் சில்லு உலைக்குள் தேன்பாகு போல் இளகிக் கிடக்கும். தொழிலாளி இரும்புக் குழலின் நுனியை அதில் தோய்த்துச் சுழற்றி ஒரு கட்டி எடுக்கிறார். இரும்புப் பலகையில் உருட்டி, குழலின் மறுமுனையில் வாய் வைத்து ஊதுகிறார். கட்டி குமிழியாகிறது. குழலைக் கீழே தொங்கவிட்டு ஆட்டினால் குமிழி நீள்கிறது. இடுக்கியால் நெரித்தால் கழுத்து உண்டாகிறது. கை ஒரு கணம் சுழலாமல் நின்றால் கூஜா ஒரு பக்கம் தொய்ந்துவிடும். இவ்வளவும் சில நிமிஷங்களில், முகத்தைப் பொசுக்கும் அனலுக்கு எதிரே! செய்து முடித்ததை அப்படியே வெளியே வைத்தால் வெடித்துவிடும். சுமார் 500 டிகிரி வெப்பமுள்ள வேறோர் அறையில் வைத்து, மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். பச்சைப் புட்டி பச்சையாகவே மறுபிறவி எடுக்கும். கருநீலத்துக்குக் கோபால்ட்டும், மயில்கழுத்து வர்ணத்துக்குத் தாமிரமும் சேர்ப்பார்கள்.

ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒரே ஜாதி அல்ல. அடுப்பில் வைக்கத் தகுந்த போரோசிலிகேட் பாத்திரம் சூட்டில் விரிவது, புட்டிக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இரண்டும் ஒரே உலையில் கலந்துவிட்டால், பார்வைக்கு லட்சணமாய் இருக்கும் குவளை ஆறும்போதோ, சில நாள் கழித்து அலமாரியில் சும்மா இருக்கும்போதோ, தானே கீறிப் பிளந்துவிடும். ஒரு நாள் உழைப்பும் எரிபொருளும் பாழ். ஹெப்ரானில் இன்று எஞ்சியிருப்பவை ஒரு சில பட்டறைகளே. யாத்திரிகர்கள் வந்து வாங்கினால்தான் அவற்றின் உலைகள் எரியும். அத்தகைய இடங்களில் ஒரு நாள் பாழாவது சிறு நஷ்டமல்ல. உலையை விடவும் அருமையானது பழகிய கை. அது தேர்ச்சி பெற வருஷங்கள் பிடிக்கின்றன.

நம் வீட்டுப் புட்டிகள் ஹெப்ரானுக்குப் போகப்போவதில்லை. நம் நாட்டு உலைகளுக்குப் போகலாம் அல்லவா? ஆகவே, பழைய சாமான் வாங்குகிறவரிடம் போடும்போது மூடியையும் தகர வளையத்தையும் கழற்றிவிட்டு, ஊறுகாய்ச் சீசாவையும் மருந்துப் புட்டியையும் கழுவிப் போடுங்கள். பச்சை, பழுப்பு, வெள்ளை என்று நிறம் பிரித்தால் இன்னும் நல்லது. மின்சார பல்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, பீங்கான் கோப்பை, அடுப்பில் வைக்கும் கண்ணாடித் தட்டு ஆகியவற்றை மட்டும் அதில் சேர்க்கவேண்டாம்.