லாரி வந்தது, சாமான் வரவில்லை

மாற்றல் உத்தரவு வந்ததும் நம்மவர் முதலில் விசாரிப்பது வாடகை வீடு, அடுத்தது பள்ளிக்கூடம். சாமான் லாரி எங்கே நிற்கும் என்று விசாரிப்பவர் அரியர். நாமும் விசாரித்தோமில்லை.

சென்னையிலிருந்து நம் சாமான்களை ஏற்றி வந்த கன்டெய்னர் லாரி, ஒரு மார்கழிக் காலையில் தில்லி எல்லையை அடைந்தது. பகலில் கனரக வண்டிகள் நகருக்குள் நுழையலாகாது என்று அங்கேயே நிறுத்தப்பட்டது. நள்ளிரவில் மயூர் விஹாரை எட்டியபோது, குடியிருப்பின் காவலாளி செயலாளரின் அனுமதிச் சீட்டைக் கேட்டார். செயலாளரோ உறக்கத்தில். கம்பளிகள் யாவும் லாரிக்குள். எழுபது வயதுத் தாயார் வெறுந்தரையில். அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார் ரஜாய் தந்திராவிடில் நம் கதி என்னவாகியிருக்கும்!

ஆகவே அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். லாரி புறப்படுமுன்பே நுழைவு நேரத்தைப் போக்குவரத்துப் போலீசாரிடம் கேட்டறிக. குளிர்காலத்தில் காற்று மாசு மிகும் நாட்களில் லாரிகளுக்குத் தனித் தடையும் வருவதுண்டு. நாள், நேரம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்து, குடியிருப்புச் செயலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுக. இருபதடிக் கன்டெய்னரின் நீளம் 6 மீட்டர். லாரித் தளத்தோடு உயரம் ஏறத்தாழ 4 மீட்டர். வாயில் வளைவை முன்னரே அளந்து, இடம் போதாதெனில் சிறு வண்டிக்கு ஏற்பாடு செய்க. 2018 முதல் வழக்கிலுள்ள இ-வே பில், பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்குத் தேவையில்லை; எனினும் சாமான் பட்டியலும் மாற்றல் உத்தரவின் நகலும் ஓட்டுநரிடம் இருத்தல் நலம்.

ஒரு மணி நேர அலைச்சல்தான். அதை முன்னதாகவே முடித்துவிட்டால், புது வீட்டில் முதல் நாளே நம் பாத்திரத்தில் பால் காய்ச்சலாம்.