டேபிள் டென்னிஸுக்கு எந்த ஷூ?

டேபிள் டென்னிஸ் ஆடுபவர்கள் மட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார்கள். எந்த ரப்பர், ஸ்பாஞ்ச் எத்தனை மில்லிமீட்டர், பிளேடு ஐந்து கிராம் கூடிவிட்டதா என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். அந்த மட்டையின் மொத்த எடை பெரும்பாலும் 200 கிராமுக்குள்தான். காலில் கிடக்கும் ஷூ ஜோடி அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். அதற்கு மட்டும் கணக்கே கிடையாது. காலையில் நடைப்பயிற்சிக்குப் போட்ட ஷூவையே மாலையில் மேசைக்கும் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஆட்டம் நடக்கும் இடம் சின்னது என்பது இதற்கு ஒரு காரணம். மேசையின் அகலம் 1.525 மீட்டர், நீளம் 2.74 மீட்டர். ‘இதில் என்ன பெரிய ஓட்டம்?’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஷூவைச் சோதிப்பது ஓடுகிற தூரம் மட்டுமில்லை. எத்தனை முறை சட்டென்று நிற்கிறோம், எந்தப் பக்கமாகத் திரும்புகிறோம் என்பதுதான் இங்கே முக்கியம்.

கால் என்ன வேலை செய்கிறது?

வலது கை ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பேக்ஹேண்ட் மூலைக்கு வந்த பந்தை ஃபோர்ஹேண்டில் அடிப்பதற்காக இடப்பக்கம் சுற்றிப் போகிறார். வலது காலை ஊன்றி உந்தி, இடுப்பைத் திருப்பி அடிக்கிறார். எதிராளி அதைத் தடுத்து வலது ஓரத்துக்குத் திருப்பிவிட்டால், அடுத்த நொடிக்குள் மேசையின் அகலத்தைக் கடந்து வலப்பக்கம் வந்து நிற்க வேண்டும். முட்டி மடங்கியிருக்கும், உடல் எடை முன்பாதத்தில் இருக்கும், குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். ஒரு மணி நேர ஆட்டத்தில் இப்படிப் பக்கவாட்டில் நகர்வதும் நிற்பதும் நூற்றுக்கணக்கான முறை நடக்கும்.

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பாதம் ஷூவுக்குள் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. ஷூ அதைப் பிடித்து நிறுத்தினால் அடுத்த அடிக்குத் தயாராகிவிடலாம். பிடிக்காவிட்டால் சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் வரும், பெருவிரல் நகம் கறுத்துப் போகும். கணுக்கால் பிரண்டால் வாரக்கணக்கில் ஆட்டமே இல்லை.

ஆக, இந்த ஆட்டத்துக்கான ஷூ நான்கு காரியம் செய்ய வேண்டும். தரைக்கு நெருக்கமாகத் தாழ்வாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பாதத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். முன்பாதம் இருக்கும் இடத்தில் எளிதாக மடங்க வேண்டும். தரையில் வழுக்கக் கூடாது. பட்டர்ஃபிளை, மிசுனோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் இந்த ஆட்டத்துக்கென்றே தயாரிக்கும் ஷூக்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது புரியும். சோல் மெலிதாக இருக்கும், எடை குறைவாக இருக்கும், ஓரங்கள் உறுதியாக இருக்கும்.

ஓட்டத்துக்கான ஷூ ஏன் ஒத்துவராது?

ஓட்டத்துக்கான ஷூ ஒரே திசையில், முன்னோக்கிப் போவதற்காக வடிவமைக்கப்பட்டது. குதிகாலுக்கு அடியில் தடிமனான நுரை இருக்கும். பல மாடல்களில் முன்பாதத்தைவிடக் குதிகால் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். மேல்துணியும் காற்றோட்டத்துக்காக மெல்லிய வலையாக இருக்கும். சாலையில் ஓட இவையெல்லாம் நல்லதுதான்.

அதே ஷூவோடு பக்கவாட்டில் பாய்ந்து நின்றால் கதை மாறிவிடுகிறது. நுரை ஒரு பக்கமாக அமுங்குகிறது, வலைத்துணி இழுபடுகிறது, உயரமான சோலின் விளிம்பில் பாதம் சாய்கிறது. கணுக்கால் சுளுக்கு பெரும்பாலும் இப்படி, பாதம் உள்நோக்கி மடங்கும்போதுதான் வருகிறது. கடையில் போட்டுப் பார்க்கும்போது பஞ்சுபோல் இதமாகத் தெரிந்த அதே மென்மைதான் மேசைக்கு முன்னால் காலை வாரிவிடுகிறது.

டென்னிஸ் ஷூ பக்கவாட்டில் நன்றாகத் தாங்கும். ஆனால் கரடுமுரடான வெளிப்புறத் தரைக்காகக் கெட்டியான சோல் வைத்துச் செய்வதால் கனமாக இருக்கும். சிறு சிறு அடி வைக்கும் இந்த ஆட்டத்தில் கால் சோர்ந்துவிடும். பள்ளிக்கூடத்து கேன்வாஸ் ஷூ தாழ்வாக இருந்தாலும் பாதத்தைப் பிடித்து நிறுத்தும் வலு அதற்குக் கிடையாது.

மாற்றாக மிக நன்றாகப் பொருந்துவது பேட்மின்டன் ஷூ. ரப்பர் சோல், பக்கவாட்டுப் பிடிப்பு இரண்டும் அதில் உண்டு. எட்டிப் பாய்வதும் குதித்து இறங்குவதும் பேட்மின்டனில் அதிகம் என்பதால் குதிகால் பகுதி சற்றுத் தடித்திருக்கும், எடையும் கொஞ்சம் கூடலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆடுகிறவருக்கு அது ஒரு குறையே இல்லை. டேபிள் டென்னிஸ் ஷூ கிடைக்காத ஊரிலும் பேட்மின்டன் ஷூ கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ‘நான்-மார்க்கிங்’ என்று எழுதியிருந்தால் உள்ளரங்குக்கு ஏற்றது என்று கடைக்காரர் சொல்வார். தரையில் கறுப்புக் கோடு விழாது என்பதுதான் அந்தச் சொல் தரும் ஒரே உத்தரவாதம். பிடிப்பைப் பற்றியோ, பக்கவாட்டு உறுதியைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. அவற்றை நீங்களேதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் தரையைப் பாருங்கள்

சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் போட்டி விதிகளின்படி ஆடுகளத்தின் தரை வழுக்கக் கூடாது. செங்கல், பீங்கான், கான்கிரீட், கல் ஆகியவற்றால் ஆனதாகவும் இருக்கக் கூடாது. சக்கர நாற்காலிப் போட்டிகளுக்கு மட்டும் கான்கிரீட் தரைக்கு விலக்கு உண்டு. உலகப் போட்டிகளிலும் ஒலிம்பிக்கிலும் மரத்தரையோ, சுருட்டி விரிக்கக்கூடிய செயற்கை மேட்டோ இருக்க வேண்டும். டேபிள் டென்னிஸுக்கென்று வரும் ஷூக்கள் இத்தகைய தரைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மரமும் மேட்டும் கொஞ்சம் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதால் சோல் மெலிதாக இருந்தாலும் பாதகமில்லை.

நம்மூரில் பல கிளப்புகளிலும், கல்லூரிகளிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் விதி வேண்டாம் என்று சொல்லும் தரைதான் இருக்கிறது: சிமென்ட், மொசைக், டைல்ஸ். அங்கே மெல்லிய சோல் ஷூவோடு தினமும் இரண்டு மணி நேரம் ஆடினால் குதிகாலும் முட்டியும் புகார் சொல்ல ஆரம்பிக்கும். ஆகவே எந்த ஷூ நல்லது என்ற கேள்விக்கு, நீங்கள் எந்தத் தரையில் ஆடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் பதில் தேட வேண்டும்.

சிமென்ட், மொசைக் தரையில் ஆடுபவர்கள் அடிப்பகுதியில் சற்றுக் கூடுதல் மெத்தை உள்ள பேட்மின்டன் ஷூவை வாங்கலாம். சொரசொரப்பான சிமென்ட் தரை மிருதுவான ரப்பரைச் சீக்கிரம் தேய்த்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பளபளப்பான டைல்ஸ் தரையில் முதல் பகை தூசிதான். எவ்வளவு நல்ல சோலாக இருந்தாலும் மேலே மாவுபோலத் தூசி படிந்தால் வழுக்கும். பக்கத்தில் ஒரு ஈரத்துணி போட்டுவைத்து, இடையிடையே சோலைத் துடைத்துக்கொள்ளலாம். சொட்டச் சொட்ட நனைத்துவிடக் கூடாது.

செயற்கை மேட்டில் நிலைமை வேறு. அங்கே பிடிப்பு தாராளமாக இருக்கும். புது ஷூவும் புது மேட்டும் சேர்ந்தால் பாதம் ஒட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பி முட்டி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. புது ஷூவை நேரே போட்டிக்குப் போட்டுப் போகாமல், நாலைந்து பயிற்சி ஆட்டங்களில் பழக்கிக்கொள்வது நல்லது.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள்

ஒரு கையால் ஷூவின் முனையையும் மறு கையால் குதிகாலையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் ஆரம்பிக்கும் இடத்தில் மடங்கினால் சரி. நட்டநடுவில் இரண்டாக மடங்கினால் பாதத்தின் நடுப்பகுதிக்குத் தாங்கல் கிடைக்காது.

அடுத்து, துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் முறுக வேண்டும். முழுவதுமாக முறுகிவிடக் கூடாது.

குதிகாலின் பின்சுவரை இரண்டு விரலால் அழுத்துங்கள். உள்ளே அமுங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். போட்டு நடக்கும்போது குதிகால் மேலெழும்பி வெளியே வந்தால் அந்த ஷூ வேண்டாம்.

கடைசியாக, முக்கியமானது. லேஸைக் கட்டிக்கொண்டு, முட்டியை மடக்கி, கடைக்குள்ளேயே பக்கவாட்டில் மூன்று அடி தாவி நில்லுங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை. நேராக நடந்து பார்த்தால் தெரியாத குறை இதில் தெரிந்துவிடும். பாதம் சோலின் மேல் நகர்ந்தாலோ, சுண்டுவிரல் ஓரத்தில் இடித்தாலோ வேறு ஜோடியைக் கேளுங்கள்.

அளவு எடுப்பது

நாள் முழுக்க நின்று நடந்தபின் பாதம் சற்று உப்பியிருக்கும்; ஆடும்போதும் அப்படித்தான். அதனால் மாலையில் போய் வாங்குவது நல்லது. ஆடும்போது போடும் அதே தடிமனான காலுறையை எடுத்துப் போங்கள். பலருக்கு இரண்டு பாதமும் ஒரே நீளத்தில் இருக்காது. பெரிய பாதத்துக்குப் பொருந்துவதை வாங்குங்கள். எழுந்து நின்ற நிலையில் மிக நீளமான விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடம் போதும். அதற்கு மேல் இருந்தால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பாதம் முன்னால் போய் மோதும்.

ஜப்பானிய ஷூக்களில் அளவு சென்டிமீட்டரில் இருக்கும். நம் கடைகளில் பெரும்பாலும் யூகே எண்தான். ஒரே எண் ஒவ்வொரு நிறுவனத்திலும் கொஞ்சம் வேறுபடும். ஆன்லைனில் வாங்குபவர்கள் சுவரில் குதிகாலை ஒட்டி, காகிதத்தின் மேல் நின்று, பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். முன்பாதம் அகலமானவர்கள் நீளமான அளவை வாங்கிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அகலம் கூடிய மாடலைத் தேடுவதே சரி.

‘வளர்கிற பிள்ளைதானே’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுப்பது நம் வழக்கம். செருப்புக்கு அது சரியாக இருக்கலாம். பக்கவாட்டில் பாயும் ஆட்டத்துக்கு லொடலொடக்கும் ஷூ குழந்தையின் கணுக்காலுக்குத்தான் ஆபத்து.

தட்டைப் பாதம் உள்ளவர்களும், காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிப்பவர்களும், இன்சோலைக் கழற்றி மாற்றக்கூடிய ஷூவாக வாங்கினால் மருத்துவர் சொல்லும் இன்சோலை உள்ளே வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகள் ஆட்டம் முடிந்ததும் காலுறையைக் கழற்றிப் பாதத்தை ஒரு பார்வை பார்ப்பது அவசியம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் வலி காட்டிக்கொடுக்காது.

எப்போது மாற்ற வேண்டும்?

மேலே புதிது போலவே இருக்கும். கீழே கதை முடிந்திருக்கும். சோலைத் திருப்பிப் பாருங்கள். முன்பாதத்தில் பெருவிரலுக்கு அடியில் வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால், சோலின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், துடைத்த பிறகும் வழுக்கினால், மாற்றும் நேரம் வந்துவிட்டது. இந்த ஷூவைத் தெருவில் போட்டு நடக்காமல் பையில் எடுத்துப் போய் அரங்கில் மாற்றிக்கொண்டால் ஆயுள் கூடும். அரங்குக்குள் மண்ணும் வராது. வியர்வையில் நனைந்ததை நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் விறைத்துப் பிடிப்பு குறைந்துவிடும்.

கையில் இருக்கும் பணத்துக்கு விலையுயர்ந்த ரப்பரா, நல்ல ஷூவா என்ற கேள்வி வந்தால், புதிதாக ஆடத் தொடங்கியவர்கள் யோசிக்காமல் ஷூவை வாங்கலாம். பந்து வரும் இடத்துக்குக் கால் போய்ச் சேர்ந்தால்தானே ரப்பருக்கு வேலை!