மோட்டார் சைக்கிளும் தொங்கும் ஆடையும்

1927ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி இரவு, பிரான்சு தேசத்து நீஸ் நகரில், இஸடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனமாது திறந்த மோட்டார் கார் ஒன்றில் ஏறிப் புறப்பட்டார். அவர் கழுத்தில் நீண்ட பட்டுச் சால்வை ஒன்று இருந்தது. அதன் தொங்கிய நுனி சக்கரத்தின் ஆரங்களில் சிக்கிச் சுற்றிக்கொண்டது. கார் புறப்பட்ட சிறிது நேரத்துக்குள் அவர் உயிர் நீத்தார். கழுத்தாடை சக்கரத்தில் சிக்குவதால் நேரும் காயத்தை மருத்துவ நூலார் சிலர் இன்றும் அவர் பெயராலேயே குறிப்பிடுகின்றனர்.

அத்தகைய திறந்த சக்கரமுள்ள கார்கள் மறைந்துவிட்டன. ஆனால் உடுத்திய ஆடைக்கு மிக அருகில் மறைப்பின்றிச் சுழலும் சக்கரம் நம் நாட்டுச் சாலைகளிலிருந்து மறைந்துவிடவில்லை. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரமே அது. துப்பட்டா சிக்கியதால் குரல்வளை நசுங்கியவர்களையும், கழுத்தெலும்பு முறிந்தவர்களையும் பற்றி இந்திய மருத்துவர்கள் பலமுறை எழுதியுள்ளனர். இவ்விபத்தில் பெரும்பாலும் காயமுறுபவர் பின்னிருக்கையில் அமர்ந்தவர். பிரேக்கோ, அவர் கைக்கு எட்டாத இடத்தில் உள்ளது.

“சிக்கினால் உடனே நிறுத்திவிடலாம்” என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியா என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரண மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம், டயரோடு சேர்த்து, சுமார் 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ளது. சுற்றளவு ஏறத்தாழ 188 சென்டிமீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 10 மீட்டர். ஆகவே சக்கரம் ஒரு வினாடிக்கு ஐந்து முறைக்குச் சற்று அதிகமாகவே சுழல்கிறது. துணியின் நுனி, நடுவிலுள்ள சக்கரக் குடத்தில் பற்றிக்கொண்டதாகக் கொள்வோம். குடத்தின் குறுக்களவு 15 சென்டிமீட்டராயின், ஒவ்வொரு சுழற்சியிலும் 47 சென்டிமீட்டர் துணி இழுக்கப்படும். அதாவது வினாடிக்கு இரண்டரை மீட்டர். துப்பட்டாவின் முழு நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். கழுத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே தளர்ந்து கிடக்கும் முக்கால் மீட்டர் துணி மூன்றில் ஒரு பங்கு வினாடிக்குள் தீர்ந்துபோகும். ஓட்டுபவர் கூக்குரலைக் கேட்டு, பொருள் உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்கே சுமார் ஒரு வினாடி செல்லும். எவ்வளவு விழிப்புடையவராயினும் அவரால் முந்திக்கொள்ள இயலாது. பயணத்துக்கு முன்பு செய்யும் ஏற்பாடே இதில் பயன்படும்.

சிக்கிய துணி வழுக்கி விடுபடாதா என்று கேட்கலாம். விடுபடாது; காரணம் உராய்வு. படகோட்டி கரையிலுள்ள கட்டையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை இரு விரல்களால் பிடித்துக்கொண்டே முழுப் படகையும் நிறுத்துவதைப் பலர் கண்டிருப்பர். உராய்வுக் கெழு 0.3 எனக் கொண்டால், ஒரு சுற்றுக்கு ஆறரை மடங்கும், இரண்டு சுற்றுக்கு 43 மடங்கும், மூன்று சுற்றுக்கு 280 மடங்குக்கு மேலும் பிடி வலுக்கிறது. ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம். வழவழப்பான உருண்டைக் கட்டை ஒன்றை இரு பெஞ்சுகளுக்கிடையே அசையாது கட்டி, நூற்கயிற்றின் ஒரு முனையில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு, மறுமுனையை வில் தராசினால் இழுக்கச் செய்க. கயிறு கட்டையின் மேல் வெறுமனே கிடக்கையில் சுமார் கால் கிலோ காட்டும் தராசு, மேலும் ஒரு முழுச் சுற்றுச் சேர்த்ததும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடும். கட்டையின் வழவழப்புக்கேற்ப எண்கள் மாறும். பெருகும் விதம் மாறாது. உண்மையான சக்கரத்தைச் சுழலவிட்டு அருகில் துணியைப் பிடித்துக் காட்டும் சோதனையை எவரும் செய்யலாகாது.

ஓடும் வண்டியில் துணி காற்றில் பின்னோக்கி மிதப்பதைக் கண்டு, சக்கரத்தை விட்டு விலகித்தானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்வதும் பிழை. காற்றின் இழுப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவது. வேகம் பாதியானால் இழுப்பு நாலில் ஒன்றாகும். வேகத்தடை வந்து வண்டி தணிந்ததும், அதுவரை மிதந்த துணி தொய்ந்து, இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்தின் மேல் விழுகிறது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி இதை முன்னிட்டே எழுந்தது. மோட்டார் சைக்கிளில் பின்னிருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கப் படியும், ஆடை சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. பட்டறைகளில் இக்காப்பை ‘சாரி கார்டு’ என்பர். புது வண்டி வாங்கியதும் அழகு கெடுகிறதென்று இதைக் கழற்றி வீட்டு மூலையில் எறிபவர் உண்டு. அந்த அழகைக் காண்பவர் யார் என்பது எமக்கு விளங்கவில்லை; பின்னிருக்கையில் இருப்பவராக இருக்க முடியாது.

காப்பு இருந்தாலும் அது வழக்கமாக இடப்புறத்திலேயே அமைந்திருக்கும். சேலை உடுத்தியவர் ஒருபுறமாக அமர்கையில் கால்கள் இடப்புறம் தொங்குவதும், பெரும்பாலான வண்டிகளில் சங்கிலி அப்புறமே ஓடுவதும் இதற்குக் காரணம். கொசுவத்தையும் சேலைக் கரையையும் அது காக்கும். ஆனால் முந்தானையை இடத்தோள் வழியே முதுகுப்புறம் விடுபவர் இவ்வாறு அமரும்போது அவர் முதுகு வலப்புறம் நோக்கியிருக்கும். முந்தானை காப்பில்லாத வலப்பக்கச் சக்கரத்தின் மேல் தொங்கும். இதைக் கவனிப்போர் மிகச் சிலரே. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்தின் பல பகுதிகளிலும் வழங்கும் முறையில் முந்தானை வலத்தோள் வழியே முன்புறம் வருவதால் இந்த ஒரு தொல்லை குறைவு. எம்முறையாயினும், முந்தானையை முன்னே கொணர்ந்து இடுப்பில் இறுகச் செருகிய பின்னரே வண்டி புறப்பட வேண்டும்.

துப்பட்டாவை அணியும் முறைகளில் மிகக் கொடியது, நடுப்பகுதி தொண்டையின்மேல் கிடக்க இரு நுனிகளையும் முதுகுப்புறம் விடுவதே. எந்த நுனி சிக்கினாலும் குரல்வளை நேராக அழுந்தும். ஒரு தோளின் குறுக்கே போட்டு எதிர்ப்புற இடுப்பில் முடிந்துகொள்வது நன்று. மடித்துப் பையில் வைத்துவிடுவது அதனினும் நன்று.

ஆடவர்க்கு இது பொருந்தாதென்று நினைக்க வேண்டாம். வேட்டியும் லுங்கியும் சங்கிலிக்கு எட்டாதவை அல்ல. நீண்ட மழைக்கோட்டின் பின்பகுதியும், குளிர்காலத்து மஃப்ளரும் அவ்வாறே. கிராமந்தோறும் சுற்றும் ஊழியர்கள் ஜோல்னாப் பையைக் கைப்பிடியில் மாட்டுவது வழக்கம். அது ஆடி முன்சக்கரத்துக்கும் போர்க்கிற்கும் இடையில் புகுந்தால் சக்கரம் திடீரென நிற்க, ஓட்டுபவர் முன்னே தூக்கி எறியப்படுவார். பதிவேடுகளைப் பின்னே வைத்துக் கட்டும்போது மிஞ்சும் கயிற்று நுனியைத் தொங்கவிடாது செருகிவிட வேண்டும். வார் மாட்டாத ஹெல்மெட்டும் தளர்ந்த பொருளே. தலையில் வாரினால் இறுக்கியிருக்க வேண்டுமென்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவிலேயே உள்ளது.

விபத்து நேர்ந்துவிட்டால் உடனே என்ஜினை நிறுத்துக. சக்கரத்தை முன்னோக்கி ஒரு விரற்கடையும் உருட்டலாகாது. துணியைப் பிரித்தெடுக்க முயன்று நேரம் போக்காமல் கத்தியாலோ கத்தரியாலோ கழுத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வெட்டிவிட்டு, பின்னர் கழுத்துச் சுற்றைத் தளர்த்துக. கள ஊழியரின் பையில் ஒரு சிறு கத்தரி இருப்பது இதற்காகவும் நல்லது. காயமுற்றவரின் தலையையும் கழுத்தையும் திருப்பாமல், வளைக்காமல் நேராகத் தாங்கி, 108 அல்லது 112 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை என்று கூறினாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது. அழுந்திய குரல்வளை சில மணி நேரம் கழித்து வீங்கி மூச்சை அடைப்பதுண்டு. குரல் கம்மினாலோ, எச்சில் விழுங்க வலித்தாலோ அதுவே அதன் முதல் அறிகுறியாகும்.