டவர் இல்லாத மலையில் ஒரு 'ஹலோ... ஓவர்!'

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையையும் தாண்டி கல்வராயன் மலைப்பாதையில் போயிருக்கீங்களா? ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு கோடு குறையும். மரங்களின் கோடு இல்லீங்க, உங்க செல்போன் சிக்னல் கோடு! கரியாலூர், வெள்ளிமலை என்று மேலே போகப் போக பல இடங்களில் போன் வெறும் டார்ச் லைட்டும் கேமராவும்தான். டூருக்குப் போற நமக்கு அது ஜாலி. மேலேயே வாழற மலைவாசி மக்களுக்கு? ராத்திரி ஒரு பிரசவ வலி, ஒரு பாம்புக்கடி என்றால் அந்தக் கோடு இல்லாதது உயிர்ப் பிரச்னை.

சமவெளியில் இருக்கிற நாமும் ரொம்ப அலட்டிக்க வேண்டாம். 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். செல்போன் டவர் என்பது கரன்ட்டை நம்பி நிற்கிற சமாசாரம். கரன்ட் போனால் பேட்டரி, பேட்டரி போனால் டீசல் ஜெனரேட்டர், ரோடு துண்டிக்கப்பட்டு டீசல் வராவிட்டால்... அவ்வளவுதான்! நம்ம கையில் இருப்பது என்ன விலை போனாக இருந்தாலும் அப்போது பேப்பர் வெயிட்.

டவரே தேவையில்லாமல், மாதாமாதம் ரீசார்ஜ் பண்ணாமல், ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் பேசுகிற வித்தை ஒன்று இருக்கிறது. அதுதான் டூ-வே ரேடியோ. அதைப் பொழுதுபோக்காகவே பண்ணுகிறவர்களுக்குப் பெயர் 'ஹாம்'. எப்படி ஆரம்பிப்பது? வாங்க, சொல்றேன்.

இது நம்ம ஊர் சரக்குதான்!

ஹாம் ரேடியோ என்றதும் ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று நினைக்காதீங்க. 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயர் வந்ததே 1936-ல். அதற்கு 12 வருஷம் முன்னாடியே, 1924-ல், சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவர் 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' ஆரம்பித்தார். அந்த வருஷம் ஜூலை 31-ம் தேதி மெட்ராஸில் ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது. பணமில்லாமல் 1927-ல் கிளப் மூடியபோது டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சி கைக்குப் போனது. மாநகராட்சி 1930-ல் அதை வைத்து ஒலிபரப்பை நடத்தியது. சில ஆர்வலர்களின் 'ஹாபி', ஊருக்கே ரேடியோ கொடுத்த கதை இது!

வி.ஐ.பி. ஹாம் வேணுமா? முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி. அவருடைய 'கால் சைன்' வி.யு.2.ஆர்.ஜி.

வானத்திலும் நம்ம கொடி பறந்தது. 2005 மே 5-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய 'ஹாம்சாட்', ஹாம்களுக்காகவே செய்த குட்டி சாட்டிலைட். 2014 ஜூலை வரை 9 வருஷம் உழைத்தது. அதில் இருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்றைச் செய்தவர் யார் தெரியுமா? நம்மை மாதிரி ஒரு பொறியியல் மாணவர், நெதர்லாந்துக்காரர். லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிற நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்!

26 டிசம்பர் 2004

பொழுதுபோக்கு எப்போது உயிர்க்காப்பு ஆகும்? இதோ உதாரணம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற டெல்லிப் பெண்மணி தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அந்தமானிலிருந்து பல வருஷமாக ஹாம் குரலே கேட்காததால், உலகெங்கும் உள்ள ஹாம்கள் அந்த ஒரு தொடர்புக்காக ஏங்கிக்கிடந்தார்கள். ஜாலியாகப் போய்க்கொண்டிருந்த அந்த முகாமுக்கு நடுவில்தான் 26-ம் தேதி காலை சுனாமி வந்தது.

தீவுகளில் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. ஆனால், அவர்கள் கையில் வேலை செய்கிற செட்டும் ஆன்டெனாவும் இருந்தன. பொழுதுபோக்கு நிலையம் அந்த நிமிஷமே அவசர நிலையமாக மாறியது. 'இன்னார் உயிரோடு இருக்கிறார்' என்ற செய்திகள் கடல் தாண்டி உறவினர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 2015 சென்னை வெள்ளத்திலும் ஹாம்கள் களத்தில் நின்றார்கள்.

கவனிங்க... சுனாமி வந்த பிறகு யாரும் செட் வாங்கப் போகவில்லை. ஏற்கெனவே பழகியிருந்தார்கள். அதுதான் விஷயமே!

மலைதான் நம்ம ஃப்ரீ டவர்

வாக்கி-டாக்கி எவ்வளவு தூரம் பேசும்? பெட்டி மேல் பெரிசாகப் போட்டிருக்கிற கிலோமீட்டரை நம்பாதீங்க. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. பூமி உருண்டை. அதனால் ஆன்டெனா எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரம்.

கணக்கு சிம்பிள். உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டுபிடித்து, 4.12-ஆல் பெருக்குங்க. கிலோமீட்டரில் தூரம் வந்துவிடும். தரையில் நிற்கிற உங்கள் ஆன்டெனா 1.5 மீட்டர் உயரம் என்றால், 5 கிலோமீட்டர். எதிரே இருப்பவருக்கும் 5. ஆக மொத்தம் 10. அதுவும் காகிதத்தில்தான். வீடு, மரம், கரும்புத் தோட்டம் எல்லாம் குறுக்கே வந்தால் ரெண்டு, மூணு கிலோமீட்டர் வந்தாலே பெரிய விஷயம்.

அதே ஆள் சமவெளியிலிருந்து 600 மீட்டர் உயரத்தில், கல்வராயன் மலை விளிம்பில் நின்றால்? 101 கிலோமீட்டர்! அதே செட், அதே பேட்டரி. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்ட வேண்டிய டவரை இயற்கை நமக்கு இலவசமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. விளிம்பில் நின்றால்தான் இந்த ராஜயோகம். மலைக்குள்ளே பள்ளத்தாக்கில் இருக்கிற ஊருக்கு நடுவில் இன்னொரு குன்று நின்றால் சிக்னல் 'டமால்'. அதற்கும் ஹாம்களிடம் மருந்து இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒரு கம்பியைத் தரையிலிருந்து அதிக உயரமில்லாமல் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போகும். வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள அயனி மண்டலம் அதைத் திருப்பி அனுப்பும். மழை மாதிரி மேலிருந்து விழுவதால் குன்று, பள்ளம் எதுவும் தடுக்காது. பகல் நேரத்தில் சுற்றுவட்டாரம் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் வரை கவர் ஆகும். சென்னையும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

அந்தக் கம்பிக்கு எவ்வளவு நீளம்? 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்க. 7.1 என்றால் 20 மீட்டர் சொச்சம். நடுவில் வெட்டி இரண்டு பத்து மீட்டர் துண்டுகளாக்கி, நடுவில் கேபிளை இணைத்து இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கட்டினால் 'டைபோல்' ஆன்டெனா ரெடி. மின்சாரக் கம்பி போகிற பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்கக் கூடாது. கட்டுகிற கம்பி அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் வேணும். இடி மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றி விடணும். இதில் விளையாட்டே கூடாது.

செட் வாங்கறதுக்கு முன்னாடி... ஸ்டாப்!

ஆன்லைனில் வாக்கி-டாக்கி பார்த்ததும் கை பரபரக்கும். ஒரு நிமிஷம்! நம் நாட்டில் லைசென்ஸ் தேவைப்படுகிற வயர்லெஸ் செட்டை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். பேசணும் என்றுகூட இல்லை. தெரியாமல் நீங்கள் அழுத்தும் பட்டன் போலீஸ், தீயணைப்பு அலைவரிசையில் போய் விழலாம். இதனால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், முறையான விவரமில்லாமல் வாக்கி-டாக்கி விற்ற 13 ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

அப்போ லைசென்ஸ் இல்லாமல் ஒண்ணுமே முடியாதா? முடியும். 2018 விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குறைந்த சக்தி செட்டுகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால், அந்த மாடலுக்கு இ.டி.ஏ. என்கிற அரசு ஒப்புதல் இருக்கணும். கடைக்காரரிடம் "அலைவரிசை என்ன? இ.டி.ஏ. இருக்கா?" என்று இரண்டு கேள்வி கேளுங்க. முழிச்சார்னா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

இந்தக் குட்டி செட்டை வைத்தே நிறைய கத்துக்கலாம். நண்பனைக் கோமுகி அணைக் கரையில் நிறுத்திவிட்டு, நீங்கள் மலைப்பாதையில் ஏறி, ஒவ்வொரு வளைவிலும் ஓரமாக நின்று கூப்பிட்டுப் பாருங்க. எங்கே கேட்கிறது, எங்கே போகிறது என்று நோட்டில் குறியுங்க. 'லைன் ஆஃப் சைட்' என்று புத்தகத்தில் படித்தது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறும்!

ஹாம் ஆக அஞ்சு படி

1. முதலில் காது: பேசும் முன் கேளுங்க. செலவே வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் தன் ரேடியோ ரிசீவரை இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. 'வெப் எஸ்.டி.ஆர்.' என்று தேடினால் கிடைக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஐரோப்பிய ஹாம்கள் பேசுவதைக் கேட்கலாம். முதல் நாள் வெறும் இரைச்சலாக இருக்கும். பத்தாவது நாள் பாஷை பிடிபடும்.

2. அப்புறம் புத்தகம்: லைசென்ஸில் இரண்டு வகை. 'ரெஸ்ட்ரிக்டட்', 'ஜெனரல்'. கால் சைன் முறையே வி.யு.3, வி.யு.2 என்று ஆரம்பிக்கும். தேர்வில் அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் ரேடியோ விதிமுறைகளும் உண்டு. ஓம்ஸ் விதி, டையோடு, ஆன்டெனா, மாடுலேஷன்... எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்களுக்கு பாதி சிலபஸ் ஏற்கெனவே பழக்கம். ஆர்ட்ஸ் காலேஜ் நண்பர்களே, பயப்படாதீங்க. குறைந்தபட்ச வயது 12-தான். எட்டாவது படிக்கிற பையனே எழுதலாம்!

3. கட், கடகட: ஜெனரல் லைசென்ஸுக்கு மோர்ஸ் கோடு வேணும். நிமிஷத்துக்கு 8 வார்த்தை வேகம். 2013 ஜூலையில் தந்தி சேவையே மூடிவிட்டது, இது எதற்கு என்கிறீங்களா? குரல் இரைச்சலில் மூழ்கிப்போகிற இடத்திலும் மோர்ஸின் 'பீப்' தாண்டி வரும். தினம் 15 நிமிஷம் போதும். புள்ளி, கோடு என்று எண்ணாமல் பாட்டு மாதிரி சத்தமாகவே கத்துக்குங்க.

4. விண்ணப்பம்: லைசென்ஸ் தருவது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. 'சரல் சஞ்சார்' என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கணும். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருப்பதால் கட்டணம், படிவம், விதிகளை அங்கேயே பார்த்து உறுதி செய்யுங்க. தேர்வை நடத்துவது வயர்லெஸ் கண்காணிப்பு நிலையங்கள். நமக்கு சென்னை பெருங்குடி.

5. கடைசியில்தான் செட்: லைசென்ஸ் வந்த பிறகு, 144 - 146 மெகாஹெர்ட்ஸில் பேசும் கைக்கடக்கமான செட் போதும். அதோடு வருகிற ரப்பர் ஆன்டெனாவை நம்பாமல் சொந்தமாக ஒன்று செய்யுங்க. 300-ஐ 145-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு, கொஞ்சம் குறைத்து 49 சென்டிமீட்டர். அந்த அளவில் ஒரு கம்பி நிமிர்ந்தபடி, கீழே சாய்ந்தபடி நாலு கம்பி, ஒரு கனெக்டர். ஹார்டுவேர் கடைச் சாமான்தான். மொட்டை மாடியில் ஏற்றினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

ஹாம் பாஷை கொஞ்சம்...

சி.க்யூ: "யாராவது இருக்கீங்களா?"

க்யூ.டி.ஹெச்: "என் ஊர்..."

க்யூ.ஆர்.எம்: "யாரோ குறுக்கே பேசுறாங்க!"

க்யூ.எஸ்.எல்: "புரிஞ்சுது." பேசினதுக்கு அத்தாட்சியாக அனுப்பும் கார்டுக்கும் இதே பெயர்.

73: "அன்பு வணக்கம்." பேச்சை முடிக்கும்போது சொல்வது.

செய்யக் கூடாததும் கேட்டுக்குங்க. வியாபாரம் பேசக் கூடாது. சினிமாப் பாட்டு போடக் கூடாது. ரகசிய சங்கேத மொழி கூடாது. உங்க ஆளோட மணிக்கணக்கில் கடலை போடலாம் என்று நினைத்தால்... ஊரே கேட்கும், பரவாயில்லையா?

காலேஜுக்கு ஒரு கிளப்!

தனியாகச் செலவு பண்ண முடியாதவங்களுக்கு ஒரு ஐடியா. கல்லூரியிலேயே ஹாம் கிளப் ஆரம்பிக்கலாம். துறைத்தலைவரிடம் போய் "சார், ஒரு செட், ஒரு கார் பேட்டரி, மொட்டை மாடியில் கொஞ்சம் இடம்" என்று கேளுங்க. லைசென்ஸ் வாங்கிய ஆசிரியரோ மாணவரோ பொறுப்பில் இருக்கணும். சாட்டிலைட்டே செய்த மாணவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அனுசாட்' 2009 ஏப்ரலில் விண்ணுக்குப் போனது. நமக்கு ஒரு ஆன்டெனா கட்ட முடியாதா?

2019-ல் பிறந்த சின்ன மாவட்டம் கள்ளக்குறிச்சி. பக்கத்திலேயே இப்படி ஒரு மலை. கீழே ஒரு கல்லூரியில் ஒரு நிலையம், மேலே வெள்ளிமலை பக்கம் லைசென்ஸ் வாங்கிய நாலு மலைவாசி இளைஞர்கள்... இவ்வளவு இருந்தால் போதும். அடுத்த புயலில் டவர் சாய்ந்தாலும் "மேலே ரோடு சரிஞ்சிருக்கு, ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் வராதீங்க" என்று சொல்ல ஒரு குரல் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். இன்னிக்கே ஆரம்பிச்சா, தேர்வுக்குப் படிக்க நேரம் இருக்கு. 73, ஃப்ரெண்ட்ஸ்!