அரை நொடி ஆட்டம்

அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். 1978இல் விடுமுறைக்கு வந்தபோது எனக்கென்று ஒரு பொம்மை கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் பின்பால். சோப்புக்கட்டி அளவில் நீலப் பிளாஸ்டிக் பெட்டி, மேலே கண்ணாடிபோல் ஒரு மூடி, உள்ளே நாலைந்து முளை, அடியில் இரண்டு குட்டி மட்டை, வலப்பக்கம் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு மேலே பாயும். அது உருண்டு வரும்போது பொத்தானை அமுக்கி, மட்டையால் தட்டித் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஒரே வாரத்தில் மூடி கழன்று குண்டு சாக்கடைக்குள் போனது. அழுதுகொண்டே தெருமுனை சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டப்பாவைத் துழாவி, ஃப்ரீவீலுக்குள் போடுகிற பால்ரஸ் குண்டு ஒன்றை எடுத்து, "இதைப் போட்டுப் பாரு பாப்பா" என்றார். அச்சாகப் பொருந்தியது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு விட்டம், மூன்று மில்லிமீட்டர் சொச்சம். இன்றும் அதுதான் உள்ளே ஓடுகிறது.

பிறகு நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினேன், ஓய்வும் பெற்றேன். அசல் பின்பால் எந்திரத்தை முதன்முதலாகத் தொட்டது அதற்கும் பிறகுதான். கலிஃபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அலமீடா ஊரிலுள்ள பசிபிக் பின்பால் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டால் உள்ளே காசு போடாமலே எதிலும் ஆடலாம். முதல் குண்டை அடித்ததுமே அந்த அதிர்வு மணிக்கட்டு வரை ஏறியது. அசல் குண்டு 27 மில்லிமீட்டர் எஃகு, 80 கிராம் எடை. என் பால்ரஸ் அதில் அறுநூறில் ஒரு பங்குதான், ஐந்தாறு அரிசி மணி அளவு. விட்டம் எட்டு மடங்குக்கு மேல் குறைந்தால் எடை அந்த மடங்கின் மும்மடிக்குக் குறைகிறது. வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிக் காட்டியதை அன்றைக்குத்தான் கை உணர்ந்தது.

கைப்பையிலிருந்து என் நீலப் பெட்டியை எடுத்து எந்திரத்தின் கண்ணாடிமேல் வைத்தேன். "அம்மா, எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள் மகள். பார்க்கட்டும். எந்திரத்தினுள் பலகையின் சாய்வு ஏறத்தாழ ஆறரை பாகை. அதுபோன்ற சாய்வில் என் குண்டு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மேலிருந்து விட்டேன். கண்ணிமைப்பதற்குள் அடியில் கிடந்தது.

ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருளும் குண்டு எவ்வளவு வேகமெடுக்கிறது என்பது அதன் பருமனைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்ததும் அல்ல. ஆறரை பாகைச் சரிவில் பெரிய குண்டும் சின்னக் குண்டும் ஒரே முடுக்கத்தில்தான் இறங்கும். பெரிய பலகை 107 சென்டிமீட்டர். எதிலும் இடிக்காமல் உருண்டால் அடிக்கு வர 1.6 நொடிக்குச் சற்று மேல் ஆகும். என் பெட்டியில் ஓடுதளம் 10 சென்டிமீட்டர்; அரை நொடி. கண் பார்த்து விரல் அசையவே கால் நொடி கிட்டப் போய்விடும். பெட்டியைச் சுருக்கலாம், குண்டைச் சுருக்கலாம். பூமியின் இழுப்பைச் சுருக்க முடியாது, நம் நரம்பையும் வேகப்படுத்த முடியாது. கையடக்கப் பின்பால் செய்தவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்ட சுவர் இதுதான். அதை அவர்கள் ஒவ்வொருவரும் கடந்த விதத்தின்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

ஆரம்பத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. பின்பாலின் முன்னோர் பேகடெல், நம் வீடுகளிலும் இருந்த அதே ஆணிப் பலகை. பெயரிலுள்ள 'பின்' அந்த ஆணிதான். 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மாண்டேக் ரெட்கிரேவ் அதற்கு ஸ்பிரிங் உந்தியைப் பொருத்திக் காப்புரிமை வாங்கினார். குண்டை அடித்துவிட்டு எந்தக் குழியில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், வேகமாக விழுந்தால் நட்டமில்லை. 1947இல் காட்லீப் நிறுவனம் 'ஹம்ப்டி டம்ப்டி' எந்திரத்தில் மின்சார மட்டைகளை வைத்த பிறகுதான் ஆடுகிறவருக்கு நேரம் தேவைப்பட்டது.

ஜப்பானின் டோமி நிறுவனம் 1975 முதல் சட்டைப்பைக்கு அடங்கும் விளையாட்டுகளை வரிசையாகக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அவற்றுக்குப் 'பாக்கெட்டியர்ஸ்' என்று பெயர். பேட்டரி கிடையாது, ஸ்பிரிங், பற்சக்கரம், குட்டி எஃகுக் குண்டு, அவ்வளவுதான். அந்தச் சிறிய இடத்துக்குள் இத்தனை அசைவுகளைக் கோத்த கைகளை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

நிண்டெண்டோ 1983இல் குண்டையே கைவிட்டது. 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையில் வந்த அதன் பின்பாலில் மடித்துத் திறக்கும் இரண்டு திரைகள். அவை கால்குலேட்டரில் இருப்பதுபோன்ற திரவப் படிகத் திரைகள். குண்டு போகக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் அதன் உருவம் முன்கூட்டியே பதிந்திருக்கும். ஒன்று அணைய அடுத்தது தெரியும். உருளுதல் என்பதே கிடையாது, தாவித் தாவித்தான் போகும். ஆனால் இழுப்பைப் பூமியிடமிருந்து பிடுங்கிச் சில்லின் கையில் கொடுத்துவிட்டார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கிடைத்தது.

நேரம் கிடைத்தது, கனம் போய்விட்டது. 1999இல் கையடக்க ஆட்டக் கருவியான கேம் பாய்க்கு வந்த 'போகிமான் பின்பால்' அந்தக் கனத்தைத் தேடியது. கேசட்டுக்குள்ளேயே ஒரு குட்டி மோட்டார், அதற்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி. திரையில் குண்டு மோதும்போது கையில் அதிரும். அண்ணன் மகனிடம் அது இருந்தது. ஒருநாள் வாங்கி ஆடிப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். என் நீலப் பெட்டி ஒருபோதும் தராத ஓர் அதிர்வு அது.

என் பெட்டியில் அவன் ஆடியபோது நான் இடையில் வாங்கிச் சாய்த்தேன். "அத்தை, சாய்க்கக்கூடாது, தப்பாட்டம்!" என்று கத்தினான். அசல் எந்திரத்தில் அது சரிதான். 1930களில் ஹாரி வில்லியம்ஸ் கண்டுபிடித்த 'டில்ட்' பொறி, எந்திரத்தை யாராவது அளவுக்கு மீறி ஆட்டினால் ஆட்டத்தையே நிறுத்திவிடும். கையடக்கப் பெட்டிக்குக் காலும் இல்லை, தரையும் இல்லை. அதன் சாய்வை நம் மணிக்கட்டுதான் தீர்மானிக்கிறது. அங்கே சாய்ப்பது தப்பாட்டம் ஆகாது. 1889இல் அமெரிக்காவையே பித்துப்பிடிக்க வைத்த 'பிக்ஸ் இன் க்ளோவர்' என்ற கைப்புதிரில், கோலிக்குண்டுகளை வளையங்களுக்குள் ஓட்டிச் சேர்க்கச் சாய்ப்பு ஒன்றுதான் வழி.

ஆகவே கணக்கைத் திருப்பிப் போட்டேன். என் 10 சென்டிமீட்டர் பெட்டியில் குண்டு பெரிய எந்திரத்தின் நிதானத்தோடு இறங்க வேண்டுமென்றால் எவ்வளவு சாய்க்க வேண்டும்? விடை, ஏறத்தாழ 0.6 பாகை. பார்வைக்கு மட்டமாகவே தெரியும். அந்தச் சாய்வில் ஒரு தூசு குண்டை நிறுத்திவிடும், பெரிதாக ஒரு மூச்சு விட்டால் வேகம் கூடிவிடும்.

இப்போது மாலை வேளைகளில் முழங்கைகளை மேசையில் ஊன்றி அதைப் பழகுகிறேன். மூடியைக் கழற்றி மென்துணியால் துடைத்து, பால்ரஸுக்குத் தையல் மிஷின் எண்ணெய் தொட்டு ஒற்றி எடுத்து, திரும்பப் போடுவேன். நேற்று குண்டை மட்டையிலிருந்து மட்டைக்குப் பதினோரு முறை தட்டினேன்.