அமாவாசை வானில் ஒரு வழிப்போக்கன்

மேல்மலையனூர் என்றதும் அங்காளம்மன் கோவிலும், அமாவாசை இரவில் அங்கே கூடும் மக்கள் வெள்ளமும் நம் நினைவுக்கு வரும். அந்த வட்டாரத்து மரங்களுக்கும் புதர்களுக்கும் ஆண்டுதோறும் வேறு சில விருந்தாளிகளும் இரவோடு இரவாக வந்து சேர்கின்றன. அவையே கதிர்க்குருவிகள்.

இவற்றுள் பச்சைக் கதிர்க்குருவி சிட்டுக்குருவியைவிடச் சிறியது. எடை சுமார் 8 கிராம்தான். கோடையில் இமயமலை, நடு ஆசியா, சைபீரியா ஆகிய பகுதிகளில் குஞ்சு பொரிக்கும். அங்கே குளிர் வந்து பூச்சிகள் மறையும்போது தெற்கே புறப்படும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தமிழகம் வந்து ஏப்ரல் வரை தங்கும்.

இரவில் ஏன் பறக்க வேண்டும்? இரவுக் காற்று குளிர்ந்திருப்பதால் உடல் நீர் அதிகம் வற்றாது. வல்லூறுகளின் தொல்லை குறைவு. பகல் முழுவதும் இரை தேடலாம்.

இருளில் வழி தெரிவது எப்படி? 1950களில் ஜெர்மன் அறிஞர் ஃபிரான்ஸ் சாவர், கூண்டில் வளர்ந்த கதிர்க்குருவிகளைக் கோளரங்கில் வைத்துச் சோதித்தார். அங்கே காட்டப்பட்ட விண்மீன்களைக் கண்டதும் அவை தம் இனம் வலசை போகும் திசையையே நோக்கின. புவியின் காந்தப்புலத்தையும் பறவைகள் உணர்கின்றன என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. நமக்கு இருட்டாகத் தோன்றும் அமாவாசை வானம் இப்பறவைக்குக் கைகாட்டி மரம்!

இதைக் காணப் பெரிய பூங்கா தேவையில்லை. காலையில் ஏரிக்கரையிலோ தோப்பிலோ ஒரு மரத்தடியில் அசையாமல் நில்லுங்கள். இலையின் நிறமே பறவையின் நிறம். ஆகவே முதலில் காதைத் தீட்டுங்கள். மேலே இலைகளுக்கிடையே ‘ட்சி-லி’ என்று குரல் கேட்டால் அது பச்சைக் கதிர்க்குருவி. கீழே புதருக்குள் கூழாங்கற்களைத் தட்டினாற்போல் ‘டக், டக்’ என்று கேட்டால், அது பழுப்பு நிறமுள்ள பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம்.

பச்சைக் கதிர்க்குருவி குளிர்காலம் முழுவதும் சில மரங்களைத் தன் எல்லையாகக் காத்து, தன் இனத்தாரை விரட்டும். அடுத்த ஆண்டும் அதே இடத்திற்குத் திரும்புவதுண்டு. சாலையை அகலப்படுத்த ஒரு புளியமரம் வெட்டப்பட்டால், ‘பக்கத்து மரத்திற்குப் போகட்டுமே’ என்கிறோம். பக்கத்து மரத்திற்கு ஏற்கெனவே ஓர் உரிமையாளர் உண்டு. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவை பிறகு எங்கே போகும்?

உங்கள் ஊர் மரங்களில் முதல் குரல் கேட்ட நாளையும் கடைசிக் குரல் கேட்ட நாளையும் ஆண்டுதோறும் நோட்டில் குறித்து வாருங்கள். மரத்தைக் காக்க வேண்டிய நாளில் அந்தக் குறிப்பு சான்றாக நிற்கும்.