காருக்குள் சாலைச் சத்தம்: எந்த வழியாக வருகிறது?

கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கோ பட்டுக்கோட்டைக்கோ காரில் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். புதிதாகத் தார் போட்ட இடத்தில் எல்லோரும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு வருவோம். தார் தேய்ந்து ஜல்லி பல்லைக் காட்டும் இடம் வந்ததும் குரல் உசரும். பின் சீட்டில் இருக்கிற அப்பத்தா "என்னப்பா சொன்ன?" என்று இரண்டு முறை கேட்பார். மூன்றாவது முறை கேட்க மாட்டார், ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். தாழ்ந்த சுருதியில் வரும் இரைச்சல் தனக்கு மேலே உள்ள சுருதிகளையும் மூழ்கடிக்கும். காது கொஞ்சம் மந்தமானவர்களை அது முதலில் பாதிக்கும்.

இதற்குத் தீர்வு என்று ஆக்சசரி கடைகளில் கார் முழுக்க ஷீட் ஒட்டித் தருகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு செய்த பிறகும் "பெருசா வித்தியாசம் இல்லையே" என்று சொல்கிறவர்கள் உண்டு. காரணம், சாலைச் சத்தம் என்பது ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் வேறு வேறு வழியில் உள்ளே வருகின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது.

முதலில், இது சாலைச் சத்தம்தானா?

60 கி.மீ. வேகத்தை நான்காவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் மாறினால் எஞ்சின். மாறவில்லை என்றால் டயர் அல்லது காற்று. பழைய சாலை முடிந்து புதுச் சாலை தொடங்கும் இடத்தில் சட்டென்று குறைந்தால் அது டயர்தான். காற்றுக்குச் சாலை எப்படி இருந்தால் என்ன? லேசாக இடது வலது வளைக்கும்போது மட்டும் உறுமல் கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது ஷீட் கடைக்குப் போகாமல் மெக்கானிக்கிடம் போங்கள்.

உடம்பு வழி, காற்று வழி

80 கி.மீ. வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 22.2 மீட்டர். சாலையில் 10 செ.மீ.க்கு ஒரு மேடு இருந்தால் டயர் வினாடிக்கு 222 முறை அடி வாங்குகிறது, அதாவது 222 ஹெர்ட்ஸ். முக்கால் ஜல்லி வெளியே தெரியும் இடத்தில் 20 மி.மீ.க்கு ஒரு கல் என்று வையுங்கள். அது 1,110 ஹெர்ட்ஸ்.

தோராயமாக 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது உடம்பு வழியாக வருகிறது. டயர், வீல், சஸ்பென்ஷன் புஷ், பாடி என்று ஏறி, கடைசியில் தரைத் தகடும் கதவுத் தகடும் ஸ்பீக்கர் மாதிரி அதிர்கின்றன. அதற்கு மேலே உள்ளது பெரும்பாலும் காற்று வழியாக, கதவு இடுக்கு, கண்ணாடி, தரையில் உள்ள துளைகள் மூலம் வருகிறது.

முதல் வகையில் ஒரு விசேஷம் உண்டு. டயருக்குள் இருக்கும் காற்று ஒரு வளையம். ஒலி அந்த வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர ஆகும் நேரத்தை வைத்து அதற்கென்று ஒரு சுருதி அமைகிறது. சிறிய கார்களில் வரும் 165/80 ஆர்14 டயருக்கு நான் கணக்குப் போட்டேன். வளையத்தின் நடுச் சுற்றளவு ஏறக்குறைய 1.5 மீட்டர். நம்ம ஊர் வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 350 மீட்டர். வகுத்தால் 233 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட ஆறரைக் கட்டை சுருதி! மேலே பார்த்த 222-க்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். மோசமான சாலையில் 80-ல் போகும்போது கேட்கும் அந்த "ம்ம்ம்" இப்படித்தான் வலுக்கிறது. இதற்காகவே மிஷலின், கான்டினென்டல் போன்ற நிறுவனங்கள் உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய டயர்களும் விற்கின்றன.

எதற்கு எது மருந்து

ஸ்பாஞ்ச் மாதிரி பொருள் ஒலியை நன்றாக உறிஞ்ச, அலைநீளத்தில் கால் பங்கு கனம் வேண்டும். 233 ஹெர்ட்ஸுக்கு அது 37 செ.மீ.! கதவுக்குள் ஒட்டும் 1 செ.மீ. ஸ்பாஞ்ச் இந்த உறுமலை ஒன்றும் செய்யாது.

தகடு அதிர்வதைக் குறைப்பது அலுமினியத் தாள் வைத்த பியூட்டைல் ஷீட். தகடு வளையும்போது நடுவில் உள்ள ரப்பர் இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றிவிடுகிறது. தகட்டை விரலால் தட்டிப் பாருங்கள். "டொங்" என்று ஒலிக்கும் இடத்தில் ஒட்டி "டப்" என்று ஆனால் போதும். பெரும்பாலும் பரப்பில் கால் பங்கை மூடினாலே பலன் வந்துவிடும். முழுக்க ஒட்டுவதில் கூடுவது எடைதான்.

காற்று வழிக்குத் தேவை அடைப்பு. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், மீதி 99 பங்கு எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆனால் சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 டெசிபல் மட்டும். அதனால் முதலில் இடுக்கைப் பாருங்கள். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் அமுங்கிப் போயிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே நீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும்.

டயர்

இரண்டு சத்தத்துக்கும் பிறப்பிடம் டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. வயதாக ஆக ரப்பர் இறுகும், சத்தமும் கூடும். டயர் மேல் கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம் போல உரசினால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். காற்றழுத்தம், டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவு.

இந்தியாவில் டயரின் உருளும் ஒலிக்கு ஏஐஎஸ்-142 என்ற தரநிலை இருக்கிறது. அதைக் கட்டாயமாக்கும் அறிவிப்பு 2022-ல் வந்தது. ஆனால் அது அளப்பது சாலையோரம் கேட்கும் சத்தத்தை. நம்ம காருக்குள் கேட்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

அளப்பது எப்படி

போனில் உள்ள டெசிபல் ஆப்களை மட்டும் நம்ப முடியாது. அவை வழக்கமாகக் காட்டும் ஏ-எடையிட்ட அளவில் 100 ஹெர்ட்ஸ் சத்தம் 19 டெசிபல் குறைத்துக் கணக்கிடப்படும். உறுமல் அதில் ஒளிந்துகொள்ளும். ஒரே சாலை, ஒரே வேகம், ஏசி நிறுத்தி, கண்ணாடி மூடி ஒரு நிமிடம் பதிவு செய்து, ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரம் பாருங்கள். மேடு 500-க்குக் கீழே என்றால் டயரும் தகடும். மேலே என்றால் இடுக்கும் ரப்பரும். செலவு செய்த பிறகு அதே இடத்தில் மறுபடி பதிவு செய்தால் காசு வேலை செய்ததா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கு. வேகம் இரட்டித்தால் டயர் சத்தம் சுமார் 9 டெசிபல் கூடும். அப்படியானால் 80-லிருந்து 60-க்கு இறங்கினால் 4 டெசிபல் அளவுக்குக் குறையும். ஹூண்டாய் 2019-ல் அறிவித்த, அதிர்வை உணர்ந்து எதிர் ஒலி எழுப்பும் மின்னணு ஏற்பாடு குறைப்பதாகச் சொன்னது சுமார் 3 டெசிபல்தான். ஜல்லி தெரிகிற ரோட்டில் காலைக் கொஞ்சம் எடுத்தாலே அதைவிடக் கூடுதல் கிடைக்கும், அதுவும் காசில்லாமல்.